பன்னிரண்டாவது நிமிடத்தில் வெட்டியது

மார்ச் 3, திங்கள்

தச்சரின் காணொளியிலிருந்து ஐந்தாவது துண்டும் முடிந்தது. கழுத்து வலிக்கிறது. மகள் நடத்தும் பிசியோதெரபி மையத்தில் உட்கார்ந்துகொண்டு கழுத்து வலி என்றால் சிரிப்பார்கள், யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் இங்கே குணமாகிப் போனவர்களை உட்கார வைத்து நீளநீளமாகப் பேட்டி எடுத்து வைத்திருந்தாள். நாற்பது நிமிடப் பேச்சை யார் பார்க்கிறார்கள்? அதனால், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த வேலை வந்தது. அரை நிமிடம் இன்ஸ்டாவுக்கு, இரண்டு நிமிடம் யூடியூபுக்கு, ஒரு நல்ல வாக்கியம் படத்தோடு ஃபேஸ்புக்குக்கு, அதையே இன்னும் சுருக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. புதிதாக ஒன்றும் எடுக்க வேண்டாம், இருப்பதே போதும். நெம்புகோல் பாடத்தை ஏழாம் வகுப்புக்கு ஊஞ்சல் பலகையை வைத்துச் சொன்னேன், பத்தாம் வகுப்புக்குச் சமன்பாட்டை வைத்துச் சொன்னேன். பாடம் ஒன்றுதானே?

என் முறையும் பள்ளிக்கூட முறைதான். முழுவதையும் கேட்டு நிமிடம் போட்டு நோட்டில் எழுதுவேன். வேண்டியதற்கு நீல மை, வேண்டாததற்குச் சிவப்பு. பிறகு வெட்டு. வெட்டி முடிந்ததும் மூலத்தை அழித்துவிடுவோம். கணினியில் இடமில்லை, அழிக்கலாம் என்று சொன்னதும் நான்தான்.

ஐந்தாவது துண்டுக்கு எழுதிய வரி: “இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர். இன்று தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்.” நாளை மறுநாள் காலை ஏழு மணிக்குத் தானாகப் போய்விடும்.

மார்ச் 5, புதன்

போய்விட்டது. ஒன்பது மணிக்குள் நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள். “கலக்குறீங்கம்மா” என்றாள் மகள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மார்ச் 6, வியாழன்

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஓடி வந்து போனை நீட்டினாள். துண்டுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

“இவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் இவர் மனைவி.”

நான்கு இடத்திலிருந்தும் எடுத்துவிட்டோம். அதற்குள் எத்தனை பேர் எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ.

மகள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். “போடறதுக்கு முன்னாடி யாரும்மா விசாரிச்சது?”

“யாரும் விசாரிக்கல. நான் விசாரிச்சிருக்கணும்.”

“இரண்டு வருஷம் ஆச்சுன்னு தெரியும்ல?”

தெரியும். தெரிந்துதானே ‘இன்று’ என்று எழுதினேன்? முப்பத்திரண்டு வருஷ வேலையில், பேரைக் கூப்பிடாமல் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளாவது குறி போட்டிருக்கிறேனா? பெஞ்சில் பை இருந்தால்கூடப் போட்டதில்லை. ஆள் எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

ஐந்து மாதமாக இல்லாதவருக்கு நான் போட்டிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

தச்சரின் மனைவியோடு போனில் பேசினேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்த முழு வீடியோ இருக்கா டீச்சர்? அன்னைக்கு நானும் வந்திருந்தேன். மூலையில உக்காந்திருந்தேன். நடுவுல அவரு என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு. என்ன சொன்னாருங்கறதுதான் வரமாட்டேங்குது. அத மட்டும் கேக்கணும்.”

“பாத்துச் சொல்றேன்மா” என்றேன்.

அழித்துவிட்டோம் என்று ஏன் சொல்லவில்லை? வாய் வரவில்லை. கோழை.

மார்ச் 8, சனி

பழைய போன், கேமராவின் கார்டு, மகளின் மடிக்கணினி எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை.

நோட்டு இருக்கிறதே என்று காலையில் ஒரு தெம்பு. தச்சருக்கு மட்டும் பதினாறு பக்கம். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்த கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எங்கே இருமினார், எங்கே தண்ணீர் கேட்டார், எல்லாம் இருக்கிறது. தேடிய இடம் ஐந்தாவது பக்கத்திலேயே வந்துவிட்டது. சிவப்பு மையில் ஒரு வரி:

12.40 – 13.25. மனைவியோடு வீட்டுப் பேச்சு. தேவையில்லை.

அவ்வளவுதான். நாற்பத்தைந்து நொடி. நான் கேட்டிருக்கிறேன்! இந்தக் காதால் கேட்டுத்தான் எழுதினேன். அவர் சிரிப்பு நினைவிருக்கிறது. பேச்சு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இல்லை.

வெட்டின ஐந்து துண்டுகளையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்றாவதின் கடைசியில் இடது பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறக்கிறார். அங்கே என் வெட்டு.

“கிடைக்கலன்னு போன்ல சொல்லிடுங்கம்மா. பாவம், உங்களுக்கும் கஷ்டம்” என்கிறாள் மகள். தேறாத பிள்ளைகளின் பெற்றோரை நேரில் வரச்சொல்லி உட்கார வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது தேறாதது நான்.

மார்ச் 9, ஞாயிறு

தச்சர் வீட்டுக்குப் போய் வந்தேன். வீட்டின் முன்பாதி பட்டறை. இழைப்புளிகள் வரிசையாக ஆணியில் தொங்குகின்றன. தரையில் மரச்சுருள் ஒன்றுகூட இல்லை. கூட்டிச் சுத்தமாக இருந்தது. பட்டறை அப்படிச் சுத்தமாக இருப்பது பார்க்கச் சகிக்கவில்லை.

சொல்லிவிட்டேன். அழித்தது, அழிக்கச் சொன்னது நான் என்பது, நோட்டில் அந்த இடம் இல்லை என்பது, எல்லாம். நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஊன்றுகோல் ரப்பர் வரும் இடத்தில் லேசாகச் சிரித்தார். சிவப்பு வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“நீங்க என்ன பாடம் டீச்சர்?”

“அறிவியல்.”

“பேப்பர் திருத்தற மாதிரி எங்க வீட்டுக்காரரத் திருத்தியிருக்கீங்க.”

ஒரு பக்கம் பின்னால் புரட்டினார்.

“அவரு இருமினதக்கூட எழுதியிருக்கீங்க. நான் மட்டும் தேவையில்லையா?”

கிளம்பும்போது நோட்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 12, புதன்

வரிசையில் காத்திருந்த முப்பத்தொரு பேரின் துண்டுகளையும் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எப்படி இருக்கிறார், பழைய பேச்சை மறுபடி போடலாமா என்று கேட்ட பிறகுதான் இனி எதுவும் போகும்.

“முப்பத்தொரு பேர்மா! எப்ப முடியும்?”

“முடியறப்ப முடியும்.”

“அதுவரைக்கும் பேஜ்ல என்ன போடறது?”

“மையம் எத்தன மணிக்குத் திறக்கும்னு போடு. அது மாறல.”

முறைத்தாள். பிறகு அவளே பேர்ப் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

பழைய பேட்டி துணி மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைக்கு வெட்டியது போக மிச்சத்தில் கைக்குட்டை. எத்தனை உதாரணம் சொன்னேன் மகளிடம்! துணிக்காக வீட்டில் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். கையில் என் நோட்டு. உள்ளே வந்து மூலை நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒரு வாரமா யோசிச்சேன் டீச்சர். அது வரவே இல்ல. ஆனா வேற என்னென்னமோ வந்துச்சு. நான் பேசறேன், எடுக்கிறீங்களா?”

“எடுக்கிறேன்மா.”

“எங்கயும் போடறதுக்கு இல்ல.”

“போட மாட்டோம்.”

“வெட்டக் கூடாது.”

தச்சர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் நிலைக்கதவைச் சாண் போட்டு அளப்பாராம். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் போகும்போதே, “கீல் தொங்குது பாரு, சொல்லி வை” என்றாராம். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. பட்டறையில இருந்து சுத்தியலால பலகைல ரெண்டு தட்டு. நான் என்ன வேலையா இருந்தாலும் வரணும். ‘நான் என்ன ஆணியா’ன்னு சண்ட போட்டிருக்கேன். அவரு போனப்புறம் ஒரு நாள் ரெண்டு தட்டு கேட்டுச்சு. ஈரக் கையோட ஓடி வந்தேன். பக்கத்து வீட்ல படம் மாட்றாங்க.”

அதற்குப் பிறகு பேசவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பேச்சில்லாத இடம் வந்தால் என் கை தானாக வெட்டும் குறியைத் தேடும். கையைக் கட்டிக்கொண்டேன். அவரே பேசும்வரை ஒன்றே முக்கால் நிமிடம்.

மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று எங்களிடம்.

அவர் போனதும் மகள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள். “எத்தன துண்டு வரும்மா?” கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு” என்றேன்.

மேசையில் நோட்டு இருந்தது. விட்டுப் போயிருக்கிறார். ஐந்தாவது பக்கத்தில், என் சிவப்பு வரிக்குக் கீழே, மரத்தில் கோடு போடும் தடித்த பென்சிலால் எழுதியிருக்கிறது: “இங்கே நான் இருந்தேன்.”

மார்ச் 24, திங்கள்

பட்டியலில் முதல் ஆறு பேரைக் கூப்பிட்டேன். பேருந்து ஓட்டுநர் நன்றாக இருக்கிறார், வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: “இருக்கேன் டீச்சர், இருக்கேன்! போட்டுக்குங்க!” தையல்காரப் பெண் வேண்டாம் என்றாள், பழைய முகம் பிடிக்கவில்லையாம். வங்கி ஊழியர் மறுபடி விழுந்திருக்கிறார். மகளிடம் நேரம் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு பேர் நலமாக இருக்கிறார்கள், சரி என்றார்கள்.

ஆறாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

அந்தப் பேருக்கு நேரே குறி ஒன்றும் போடவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.