திராட்சை கழுவின தண்ணீரும் எங்கள் தெரு அடிபம்பும்

ஜூன் 1, திங்கள்
குமுளிப் பக்கமிருந்து காற்று. குடை எடுக்கவில்லை.
இன்று ஆரம்பம். திராட்சை கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்து ஜூஸ் கம்பெனியில் மெஷின் சூட்டைத் தணிக்கிற கூலிங் டவருக்கு. மூன்று மாதம் லேபில் நான் மல்லுக்கட்டின தண்ணீர். கம்பெனி போர்வெல் மோட்டார் ஆஃப். மேனேஜர் கெடு: ஆறு வேலை நாள். உப்பு அளவு எல்லை தாண்டினாலோ, குழாயில் உப்பு படிந்தாலோ, பழையபடி போர் தண்ணீர்தான்.
போர் ஓடினால் எங்கள் தெரு அடிபம்பில் காற்றுதான். ஞாயிறு கம்பெனி லீவு, அன்று மட்டும் தண்ணீர்.

ஜூன் 2, செவ்வாய்
உப்பு கொஞ்சம் ஏற்றம். ஏறத்தான் வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே நிற்கும்.
டவர் ஆபரேட்டர் செல்லத்துரை அண்ணன் முகம் சரியில்லை. பதினெட்டு வருசமாக டவருக்கு நல்ல தண்ணீர் ஊட்டி வளர்த்தவர். மோந்து பார்த்தார். நாற்றம் இல்லை என்பதில் வருத்தமோ என்னவோ.
சாயங்காலம் பம்பில் தண்ணீர். பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா: "ஏத்தா, மோட்டார நிப்பாட்டிட்டாகளா? இல்ல இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"
வாங்க: கடுகு, சோப்பு, உப்பு அளக்கிற மீட்டருக்குப் பேட்டரி.

ஜூன் 4, வியாழன்
உப்பு இறங்கியிருந்தது. துள்ளிக் குதித்தேன். டீ குடித்த பிறகுதான் உறைத்தது, இறங்க வழியே இல்லை. மழையும் இல்லை. காலையில் பம்பும் வறட்டு இருமல். ஓடிப் போய்ப் பார்த்தால் போர் மோட்டார் ஓடுகிறது.
அண்ணன் மறைக்கவில்லை. "அளவு ஏறிக்கிட்டே போச்சா, பயந்துட்டேன்த்தா. நீ ஜெயிக்கணும்னுதான் நேத்துலருந்து நல்ல தண்ணி கலந்துவிட்டேன்."
எதை மூட நான் படாத பாடு படுகிறேனோ, அதையே எனக்காகத் திறந்துவிட்டிருக்கிறார். கோபம் வந்தது. ஆனால் ஏறத்தான் செய்யும் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. தப்பில் பாதி என்னுடையது.
இரண்டு பேருமாக மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். நாளை மறுபடி முதல் நாள். இன்னொரு தடவை கிடையாதாம்.

ஜூன் 8, திங்கள்
மூன்றாம் நாள். எல்லை எதுவென்று அண்ணனுக்கு மீட்டரில் காட்டியாயிற்று. மணிக்கொரு தரம் அவரே பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார். எல்லை நெருங்கினால் பழைய தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விட்டு, சுத்தம் செய்த தண்ணீரைப் புதிதாக ஏற்றுகிறார். நான் பயந்தால், இன்னும் இடமிருக்கு என்று எனக்கே தைரியம் சொல்கிறார். கொழுப்பு.
கடுகு மறந்தாச்சு.

ஜூன் 11, வியாழன்
சாரல். ஆறாம் நாள். அளவு எல்லைக்குள்தான். குழாய் மூடியைக் கழற்றினார்கள். மேனேஜர் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது, உப்பே படியவில்லை. போர் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு. சாவியை அண்ணனிடம் நீட்டினார்.
"எங்கிட்ட வேணாம் சார். என் கை சும்மா இருக்காது. இந்தப் பாப்பாட்டயே குடுங்க."
சாவி இப்போது என் சாப்பாட்டுப் பையில்.
சாயங்காலம் குடத்தோடு போனேன். எனக்கு முன்னால் ஏழு பேர். வியாழக்கிழமையில் பம்படியில் வரிசை. நனைந்துகொண்டே கடைசியில் நின்றேன், அவ்வளவு சந்தோஷமாக.