ஆமைக்கு இரங்கல் கூட்டம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் எனக்கு என்னையே சிபாரிசு செய்தார்கள்.

காப்பீட்டுக் கடிதங்களில் சொற்கள் ஓரத்தில் கண்டபடி உடைகின்றன என்று மேலாளர் சத்தம் போட்டார். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். "மேடம், வரிமடின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இலவசம். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம். ஆமைன்னு ஒருத்தர் நடத்துறாரு, பெரிய மண்டை. உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். நான் போட்டுத் தரேன்."

தப்பாகப் போட்டுத் தந்தார். அவர் டீ குடிக்கப் போனதும் சரிசெய்து வைத்தேன். திரும்பி வந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, எவ்ளோ ஈஸி!" என்றார்.

ஆமை நான்தான். திரையின் ஓரத்தில் இடமில்லாமல் முட்டி நிற்கும் சொல்லை எங்கே மடக்கி அடுத்த வரிக்கு அனுப்பலாம் என்று சொல்வதுதான் வரிமடியின் வேலை. மகள் பிறந்த வருஷம் எழுத ஆரம்பித்தேன். இணையத்தில் போடப் புனைபெயர் கேட்டது. மெதுவாகச் சாப்பிடுகிறேன் என்று அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயரைக் கொடுத்தேன். மறுநாளே யாரோ "ஆமை அண்ணா, ஒரு பிழை" என்று எழுதினார்கள். பிழையைத் திருத்துவதா, அண்ணாவைத் திருத்துவதா? பிழை அவசரமாக இருந்தது. அப்படியே போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

மாநாட்டுக்கு அழைப்பு. "பெருமதிப்பிற்குரிய ஆமை ஐயா அவர்களுக்கு. கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்ற தலைப்பில் தாங்கள் உரையாற்ற வேண்டும். துணைவியாரையும் அழைத்து வரலாம். அரங்கின் அருகிலேயே நல்ல கடைத்தெரு உண்டு."

அனுப்பியது பெண்கள் பங்கேற்புக் குழு. குழுவின் படத்தைப் பார்த்தேன். தலைவருக்குத் தாடி, மற்ற எல்லோருக்கும் மீசை.

கணவரிடம் காட்டினேன். பல் டாக்டர். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அணைத்துவிட்டுப் போடுவது வரைதான் அவருக்குத் தெரியும். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "போ. நானும் வரேன். பை தூக்க ஆள் வேணாமா?"

போகலாமா? சிங்கத்திடம் கேட்கலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன். வரிமடியில் என்னை விட்டால் அதிகம் எழுதியிருப்பது சிங்கம்தான். எட்டு வருஷமாகச் சண்டை. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. "டேய் ஆமை, மூளையையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கிட்டியா?" என்று ஆரம்பிக்கும். நான் "போடா தடியா" என்று முடிப்பேன். நடுவில் நிரல் நன்றாகிவிடும்.

மார்ச் 22, சனி

எங்கிருந்து தொடங்க?

வாசலில் "ஆமை" என்ற பெயரட்டையை என் கணவர் கழுத்தில் மாட்டினார்கள். எனக்கு "விருந்தினரின் துணைவி".

"அய்யோ, நான் இல்லீங்க. அவங்கதான். நான் பல் டாக்டர்" என்றார் இவர்.

தாடித் தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாரோட அடக்கத்தைப் பாத்தீங்களா?"

டீ மேசையில் இவரைச் சுற்றி ஒரு கூட்டம். "அண்ணா, பழைய நிரல்ல பிழை வந்துகிட்டே இருக்கு. ஒட்டுப் போடலாமா, பிரிச்சு எழுதலாமா?"

இவர் என்னைத் தேடினார். நான் கூட்டத்துக்கு வெளியே, கையில் இரண்டு கோப்பையோடு. பாவம், தெரிந்ததைச் சொன்னார். "வேர்ல சீழ் புடிச்சிருந்தா மேல அடைச்சுப் பிரயோஜனம் இல்லப்பா. தொறந்து சுத்தம் பண்ணிட்டுத்தான் மூடணும். வலிக்கும்."

குறித்துக்கொண்டார்கள்! ஒருவர் கண்ணை மூடித் திறந்து, "வலிக்கும்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. முதல் வரியில் "கட்டற்ற மென்பொருளில் பெண்". அடுத்த வரியில் "கள் பங்கேற்பு". இந்தப் பிழையை நான் திருத்தி வருஷக்கணக்காகிறது, வரிமடியின் பழைய பதிப்பையே வைத்திருக்கிறார்கள். இவர் என் காதில், "கள்ளு வேற உண்டா?" என்றார்.

பெயரைக் கூப்பிட்டதும் இவரைத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் ஏற்றிவிட்டார்கள். மைக்கைப் பிடித்துத் தெளிவாகத்தான் சொன்னார்: "நான் பல்லு மட்டும்தான் பாப்பேன். ஆமை என் பொண்டாட்டி. அதோ உக்காந்திருக்காங்க."

அரங்கம் எழுந்து கைதட்டியது. தன் புகழை மனைவிக்குச் சமர்ப்பித்துவிட்டாராம். தாடி ஓடி வந்து என் கையில் பூங்கொத்தைக் கொடுத்தார். "நீங்க இல்லாம அவர் இல்ல மேடம்."

பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையேறினேன். மடிக்கணினியைச் செருகி வரிமடியைத் திறந்தேன். அவர்கள் பதாகையின் பிழை எந்த வரியில் இருந்தது, எப்படித் திருத்தினேன், அதற்குள் இன்னொன்று எப்படி உடைந்தது, எல்லாம் சொன்னேன். அரைமணி நேரம் யாரும் அசையவில்லை.

முதல் கேள்வி: "மேடம், வீட்டையும் இதையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?"

இரண்டாவது கேள்வி என் கணவருக்கு: "சார், நீங்க எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"என்னை எங்கங்க கேட்டா?" என்றார்.

மேடையை விட்டு இறங்கினேன். கழிப்பறைக்குப் போனேன். கதவில் "ஆண்கள் — கூடுதல்" என்று காகிதம் ஒட்டியிருந்தது. காவலாளி, "பொம்பளைங்க யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னாங்கம்மா. மூணாவது மாடிக்குப் போங்க. சாவியை இன்னொரு அம்மா வாங்கிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

மேலே ஒரு குட்டையான பெண், தோளில் பள்ளிக்கூட விடைத்தாள் கட்டு பிதுங்கும் பை, பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பையைத் தரையில் வைத்தார்.

"மேடையில பேசினது நீதானே?"

"ஆமா."

"டேய் ஆமை! நீ பொண்ணா?"

இந்தத் தொனியை எட்டு வருஷமாகப் படித்திருக்கிறேனே. "சிங்கமா? நீங்களா?"

"நீங்க என்னடா நீங்க. எட்டு வருஷமா போடா தடியான்னு எழுதினவதானே."

படியில் உட்கார்ந்துவிட்டோம். சிரிப்பில் போன காரியமே மறந்துபோனது. கணக்கு டீச்சராம். சிங்கம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். ஆமையை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தாளாம்.

அதையும் கேட்டாள். போன மாதம் நான் சேர்த்த மாற்றம் குப்பையாம்.

மார்ச் 25, செவ்வாய்

நேற்று ஒரு சின்னத் திருத்தம் போட்டேன். அதற்கு இதுவரை வந்த அறிவுரை ஒரு பக்கம் தேறும். ஒருவர் "இந்தச் சார்பு எப்படி வேலை செய்கிறது தெரியுமா?" என்று தொடங்கி, நான் எழுதிய அந்த நிரல்துண்டை, நான் எழுதிய விளக்கக் குறிப்பிலிருந்தே எடுத்து எனக்கு விளக்கியிருக்கிறார். கடைசியில் "பயப்படாதீர்கள்" என்று வேறு.

மார்ச் 26, புதன்

"பெண்ணாக இருந்தும் என்ன அருமையான நிரல்!" இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

மார்ச் 29, சனி

தாடியின் மின்னஞ்சல். நிலைமை தெளிவாகும்வரை வரிமடியின் சாவிகளைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டுமாம். சாவி என்றால் கடவுச்சொற்கள். அவை இருப்பவர்தான் புதிய பதிப்பை வெளியிட முடியும். "அசல் ஆமை யார் என்பதில் சமூகத்துக்கு ஐயம் எழுந்துள்ளது."

நான்தான் என்பதற்கு என் மின் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன். உடனே பதில்: கையெழுத்துச் சாவியைக் கணவர் கொடுத்திருக்கலாமே?

இவர் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், நான் தொலைச்சிடுவேன்னு வீட்டுச் சாவியே என்கிட்ட குடுக்க மாட்டா."

சிரிப்பு வரவில்லை. அவர்கள் இதை எடுத்துக்கொண்டால்? யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், குழந்தை தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதினேனே — அது நான் இல்லையென்றால் வேறு யாருடா? கொடுக்க மாட்டேன். கொடுக்கவே மாட்டேன். கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நான் இறந்துவிட்டேன்.

குழு கண்டுபிடித்த விளக்கம் இது: அசல் ஆமை ஓர் ஆண். அமைதியாக வாழ்ந்து அமைதியாக மறைந்துவிட்டார். அவர் கணக்கு வேறு கைக்குப் போய்விட்டது. சான்று, சமீபகாலமாக ஆமை கடிதங்களில் சிரிக்கும் முகப் பொம்மை போடுகிறாராம், அசல் ஆமை அப்படிச் செய்யமாட்டாராம். அதனால் வரிமடியைப் பிரதி எடுத்து "அசல் வரிமடி" தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமை காணொளியில் இரங்கல் கூட்டம். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது, பழைய முகவரிப் பட்டியலில் இருந்து.

ஏப்ரல் 5, சனி

போனேன். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில், என் கணக்கில் இருக்கும் கண்ணாடி போட்ட ஆமைப் படம், அவள் சின்னப் பிள்ளையில் வரைந்து கொடுத்தது, அதைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. "அம்மா, என் படத்துக்கு ஏன் பட்டை?" என்றாள்.

தாடி பேசினார். அண்ணா பெண்களின் முன்னேற்றத்தில் அக்கறை கொண்டவராம்.

பிறகு ஒரு வழுக்கைத் தலையர். எனக்கு எப்போதும் "தம்பி" என்றே கையெழுத்திடுபவர். பார்த்தால் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். "வேலை போற நிலைமை. ஆபீஸ்ல வரிமடியோட புதுப் பதிப்பு ஓடல. அண்ணா கூடவே இருந்தாரு. நடுவுல, குழந்தைக்கு உடம்பு சரியில்ல, தோள்ல போட்டுக்கிட்டே தட்டச்சுறேன், தாமதமானா மன்னிச்சுக்கோ தம்பின்னாரு. எந்த மனுஷன் அப்படிச் செய்வான்?" அழுதுவிட்டார்.

எனக்கும் கண் கலங்கியது. தனக்காக ஒருவர் இப்படி அழுவதை உயிரோடு யார் பார்த்திருப்பார்கள்? ஒலியைத் திறந்தேன்.

"தம்பி, அது நான்தான். இதோ, அந்தக் குழந்தை இவதான்."

தாடி கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், துக்கம் நடக்கிற இடத்துல இப்படியா? கொஞ்சம் மரியாதை குடுங்க."

என் ஒலியை அணைத்தார்கள். பிறகு எனக்காக மௌனம் அனுசரித்தார்கள். நானும் ஒலியில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிங்கம் பொதுவில் எழுதிவிட்டாள். "நானும் பெண்தான். கணக்கு டீச்சர். எட்டு வருஷம் என்னோடு மல்லுக்கு நின்ற ஆமை எது என்று எனக்குத் தெரியாதா? இந்தப் பிடிவாதம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது."

ஏப்ரல் 9, புதன்

"ஒரே வாரத்தில் இரண்டு மூத்தவர்களை இழந்து தவிக்கிறோம்." இது குழுவின் அறிக்கை.

சிங்கம் தொலைபேசியில் கேட்டாள்: "என் இரங்கல் கூட்டத்துக்கு எத்தனை பேர்டா வந்தாங்க? உனக்கு வந்ததைவிட அதிகமா?"

ஏப்ரல் 13, ஞாயிறு

இரும்பு என்ற பெயரில் பிழை அறிக்கை எழுதும் ஆள் மருந்துக் கடை நடத்தும் பெண்ணாம். இரண்டு நாள் முன்னால் அவளும் பொதுவில் எழுதினாள். தொடர்ந்து இன்னும் சிலர். குழுவால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரும்புக்கான இரங்கல் அறிக்கையில் சிங்கத்தின் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள்.

சிரித்தேன். ஆனால் இரும்பு தனியாக எனக்கு அனுப்பியது: "கடைக்கு வந்து ஒருத்தன், நீதானே அந்த இரும்புன்னு முறைச்சுப் பாத்துட்டுப் போனான். பயமா இருந்துச்சு. இருந்தாலும் எழுதினதை எடுக்க மாட்டேன்." உடனே கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பேசினோம், மருந்து, மாமியார், வரிமடி என்று.

ஏப்ரல் 19, சனி

வழுக்கைத் தலையரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி. "அன்று குழந்தைக்கு என்ன?"

"காதுவலி. ஜுரம் என்று நினைத்தோம், இல்லை" என்று பதில் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து: "இப்போது காது நன்றாகக் கேட்கிறதா?"

"நான் சொல்வது மட்டும் கேட்காது" என்றேன்.

மாலையில் அவர் அசல் வரிமடியிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார். அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தானாம். மீதி எல்லோரும் தலைவர், துணைத்தலைவர், செயலாளர்.

மே 2, வெள்ளி

அசல் வரிமடியில் கடைசியாக நடந்த மாற்றம்: ஆமைப் படத்துக்கு மீசை.

மே 18, ஞாயிறு

சிங்கமும் இரும்பும் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் மூன்று மடிக்கணினி. உட்கார்ந்த கையோடு சண்டை.

"வந்தது" என்ற சொல் ஓரத்தில் முட்டினால், இடம் மிச்சமாகட்டும் என்று "வந்த" வரை மேலே வைத்து "து"வைக் கீழே தள்ளும், என் விதி. சிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தத் 'து'வைப் பாரு, தனியா நின்னுக்கிட்டு. யாரோ துப்பின மாதிரி இருக்கு."

"இடம் வீணாகும்டா."

"ஆகட்டும்டா!"

மேசையைத் தட்டினாள். நானும் தட்டினேன். இரும்பு கோப்பைகளைத் தூக்கிக்கொண்டாள். கணவர் எட்டிப்பார்த்தார். "பக்கத்து வீட்டுல என்ன சண்டைன்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

"வரிப் பிரச்சனைன்னு சொல்லுங்க" என்றாள் சிங்கம்.

போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நல்ல ஆடிட்டராகப் பார்க்கச் சொன்னார்களாம்.

அவள் கொடுத்த பத்திகளை எல்லாம் இரண்டு விதியிலும் ஓட்டிப் பார்த்தேன். மாற்றி மாற்றிப் பார்த்தேன். யாரும் "பயப்படாதீர்கள்" என்று சொல்லவில்லை, அருமை என்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதுதான் சரி. மகளை மடியில் வைத்துக்கொண்டு எழுதிய வரி அது. அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது.

"தோத்தியாடா?" என்றாள்.

"தோத்தேன்டா."

அவள் விதியைச் சேர்த்து வெளியிட்டேன். இனி அடுத்த வரியில் எந்த எழுத்தும் தனியாக நிற்காது. துணைக்கு இன்னொன்று கூடப் போகும்.