உத்திரத்தின் அந்த முனை

அண்ணா,

எதையும் நேரத்தில் செய்யத் தெரியாத உங்கள் தம்பி, நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். காலையிலிருந்து மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் எழுந்துவிட்டேன்.

வீட்டில் என் பாகத்து அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட ஏற்பாடு செய்தேன். உத்திரத்தைச் செல் அரித்து, அந்தத் தூள் உதிர்ந்து என் மனைவியின்... இல்லை, உங்களுக்கு அவள் எப்போதும் சரசுதான், சரசுவின் தட்டில் விழுகிறது. "நான் சோறு தின்றேனா, உத்திரத்தைத் தின்றேனா?" என்று கேட்டாள். அடியில் ஒரு பலகை அடித்து மூடிவிட்டால் தூள் விழாது. கண்ணிலும் படாது.

பாகம் பிரித்தபோது நாம் எழுப்பிய நடுச்சுவர் உத்திரத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டதே, நினைவிருக்கிறதா? ஒரே உத்திரம். ஒரு முனை என் சுவரில், மறு முனை உங்கள் சுவரில். "அடியில் ஒரு இரும்புக் கர்டர் கொடுத்துடலாம்டா, ரெண்டு வூட்டுக்கும் சேர்த்து" என்று எத்தனை முறை சொன்னீர்கள்! ஒவ்வொரு முறையும் நான் "பார்க்கலாம்ணா" என்றேன். கடைசியில் நீங்கள் கேட்பதை நிறுத்தினீர்கள். பிறகு பேசுவதையும். நீங்கள் போனபின் அண்ணியும் என்னிடம் பேசவில்லை.

சீலிங்கைத் தாங்கும் தகட்டுச் சட்டம் வாங்கக் கள்ளக்குறிச்சிக் கடைக்கு, தடிமன் அளக்கும் என் பழைய ஸ்குரூ கேஜோடு போனேன். பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொரு தகட்டையும் மூன்று இடத்தில் அளந்தேன். "சார், தகடு வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். இரண்டு வகை இருந்தன. உத்திரத்திலிருந்து தொங்கவிட மெல்லிய சேனல் போதும். உத்திரத்தைத் தொடாமல் முன்சுவரிலிருந்து பின்சுவருக்குப் போக வேண்டுமென்றால் தடித்த ஸ்டட் வேண்டும். நான் தடித்ததை எடுத்தேன். பழைய வீடு, பாதுகாப்பு முக்கியம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

உங்களிடம் பொய் எதற்கு? தொங்கவிடுவதென்றால் உத்திரத்தின் இரண்டு முனையும் கெட்டியா என்று பார்க்க வேண்டும். அந்த முனையைப் பார்க்க அண்ணியின் கதவைத் தட்ட வேண்டும். அந்தப் பயத்துக்குத்தான் தடித்த தகடு.

சீலிங் அடிக்க வந்த கச்சிராயபாளையத்து முருகேசன் ஏணியில் ஏறி உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். "சார், உங்க ஸ்டட்டு சீலிங்கைத் தாங்கும். உத்திரத்தை இன்னா தாங்கும்? உங்க முனை கெட்டியா இருக்குது. ஆனா அந்தாண்ட போகப் போகச் சத்தம் பொத்துனு கேக்குது. அந்தப் பக்கம் யார் படுக்கிறாங்க?"

அண்ணி படுக்கிறார். நான் மூடிவிட்டால் என் பக்கம் தூள் விழாது. அந்தப் பக்கம் உத்திரமே விழுந்தால்? முருகேசனைத் திருப்பி அனுப்பினேன். நான்கு நாள் என் வாசலுக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில் நடந்தேன். ஐந்தாம் நாள் கதவைத் தட்டினேன்.

"இன்னாங்க தம்பி, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றார் அண்ணி.

"உத்திரத்தைப் பார்க்கணும் அண்ணி. உங்க முனை செல் அரிச்சிருக்கும்போல."

"இப்பத்தான் தெரியுதா வாத்தியாருக்கு? உள்ள வாங்க."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குக் கட்டை தரையிலிருந்து உத்திரத்தை முட்டி நின்றது. அடியில் ஆப்பு. "உங்க அண்ணன் கடைசியா செஞ்ச வேலை. ஆப்பு தளர்ந்தா நான்தான் அடிச்சிக்கினு இருக்கேன். ரெண்டு வருஷமா உங்க வூட்டையும் சேர்த்துத் தாங்கறேன், தெரிஞ்சிக்குங்க."

அண்ணா, அந்த டொக் டொக் சத்தத்தைச் சுவருக்கு மேலே எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்! அண்ணி எதையோ இடிக்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் பேசாமல் இருந்தபோதும் என் தலைக்கு மேலிருந்த கூரைக்கு முட்டுக் கொடுத்தீர்களே, ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரிந்துதான் சொல்லவில்லையா?

கர்டர் போட்டுவிடுவோம் என்றேன். அண்ணி என்னையே பார்த்தார். "பார்க்கலாம்னு சொல்லலியே? சரி, போடுங்க. ஆனா உங்க சீலிங்கால செவுத்து மேல இருக்கிற அந்த ஒரு சாண் இடைவெளிய அடைச்சிடாதீங்க. உங்க இருமல் கேக்கலன்னா ஆள் இருக்குதா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கர்டர் இன்று காலை வந்து வாசலில் கிடக்கிறது. போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். அளவு சரிதானா? மூன்று முறை அளந்தும் மனம் அடங்கவில்லை. நாளை முருகேசன் அதை இரண்டு வீட்டுக்குமாக ஏற்றுகிறார். அதன் பிறகுதான் சீலிங். அந்த இடைவெளி திறந்தே இருக்கும்படி, கடைசி ஸ்டட்டை நடுச்சுவருக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்தச் சவுக்குக் கட்டையை, கர்டர் இரண்டு சுவரிலும் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தபின், நானே கழற்றுவேன். அதுவரை ஆப்படிக்கிற வேலை என்னுடையது. இப்போதும் அதற்குத்தான் எழுந்து போகிறேன்.

நடுச்சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் தம்பி