முன்பக்கம் மட்டும் தெரிந்த பை

மார்ச் 1, 1943. திங்கள்

விடியும்போதே மழை. இன்று சாராவுக்குக் காய்ச்சல் நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மணி அடித்ததும் வகுப்புக்கு வருகிற பிள்ளை மாதிரி, சரியாக இரண்டு மணிக்கு (ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் வைத்த நேரம்) தங்கைக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. மூன்று போர்வை, அதற்கு மேல் என் சேலை இரண்டு. பல் அடிக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்குத் தரும் கொய்னா மாத்திரை தீர்ந்து ஒரு மாதம்.

சனிக்கிழமை சிரம்பான் போனது வீண் இல்லை. ஜவுளிக்கடை முதலாளியம்மாவிடம் ஒரு போத்தல் கொய்னா இருக்கிறது. ஜப்பான் நோட்டுக்குத் தர மாட்டாராம். பழைய இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கிழித்த படம் ஒன்றைக் காட்டினார். பாரிஸ் பட்டணத்துத் தோல் கைப்பை.

“அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மகளுக்கு நிச்சயம், டீச்சர். கோலாலம்பூர் மாப்ள வீடு. அவ கையில இந்த மாதிரி ஒண்ணு இருக்கணும். கடையெல்லாம் காலி. இவளுக்குத் தையல் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? அடுத்த சனிக்கிழமைக்குள்ள செஞ்சு குடுங்க, போத்தல எடுத்துக்குங்க.”

“படத்துல உள்ள மாதிரியே லா, டீச்சர்!” என்றாள் மகள்.

நான் சொல்லிக் கொடுத்தது துணித் தையல். தோலில் ஊசி வைத்ததே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 2, செவ்வாய்

வெயில். சாரா எழுந்து கஞ்சி குடித்தாள்.

தோல்: என் பெட்டியின் மூடி.
பூட்டு: அதே பெட்டியின் பித்தளைப் பூட்டு.
நூல்: அன்னாசி இலை நார், முறுக்கி மெழுகு தடவியது.
பசை: ரப்பர் பால். இதற்கு மட்டும் பஞ்சம் இல்லை.
ஊசி: சாக்கு தைப்பது.

இருபத்தாறு வருடம் பரீட்சைத் தாள் சுமந்த பெட்டி. கத்தி வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

படத்தில் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் எப்படி இருக்கும்? உள்ளே எத்தனை அறை? விடையை மட்டும் கொடுத்துக் கணக்கைப் போடச் சொன்னது போல் இருக்கிறது. காகிதத்தில் ஐந்து முறை வெட்டிப் பார்த்தேன். ஐந்தாவது நின்றது.

வாசலில் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது கங்காணி மனைவி அஞ்சலை வந்தாள். “ஐயே! பைபிள் புடிச்ச கையில செத்த மாட்டுத் தோலா, டீச்சரம்மா?”

“பைபிளுக்கும் தோல் அட்டைதான், அஞ்சலை.”

 மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள்.

மார்ச் 3, புதன்

காய்ச்சல் நாள். நடுக்கம் வருவதற்குள் பக்கங்கள் இரண்டையும் ஒட்டித் தைத்தேன். விரலில் நாலு இடத்தில் குத்து. சாரா போர்வைக்குள்ளிருந்து, “அக்கா, கோணலாப் போகுது பார்.” உண்மைதான். பிரித்துத் தைத்தேன்.

பல்லியெல்லாம் வாசம் பார்க்க வருகிறது.

மார்ச் 4, வியாழன்

பெரிய தவறு. என் தவறு.

பையின் மூடி வளைவாக வரவேண்டும் என்று தோலை நனைத்துக் கட்டையில் கட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. காயவில்லை. நாள் இரண்டுதான் பாக்கி. ரப்பர் ஷீட் காய்வது எங்கே? புகைக்கூண்டில். இப்போது அங்கே மரவள்ளி வற்றலும் காய்கிறது. எடுத்துக்கொண்டு போனேன். புகைக்கூண்டுக்கு விறகு போடும் வீரையா மறித்தான்.

“வேணாம் டீச்சரம்மா.”

“ஷீட் காயுது, வற்றல் காயுது. இது காயாதா?”

தலையைச் சொறிந்தான். வழி விட்டான்.

மாலையில் எடுத்தால் மூடி அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. இரண்டு விரல் நீளம் குறைந்துவிட்டது. பூட்டு எட்டவில்லை. எல்லாம் காய்வது ஒன்று போல என்று நினைத்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு இதே பிழைக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன்!

சாராவிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, வெள்ளி

காய்ச்சல் நாள். இன்று அவளுக்கு என் பெயரே நினைவில்லை, அம்மா என்று கூப்பிட்டாள்.

மூன்று மணிக்குப் பின்கதவில் வீரையா. கையில் ஈரச் சாக்கு, எண்ணெய்ச் சிரட்டை, தேய்த்துக் கூராக்கிய குடைக்கம்பி.

“குடுங்க அத.”

ஈரச் சாக்கில் சுற்றி வைத்தான். பிறகு எண்ணெய் தடவித் தடவி இழுத்தான். சுருள் விட்டது. குறைந்த நீளம் மட்டும் வரவில்லை. மூடியைக் குறுக்கே வெட்டி, நடுவில் தோல் பட்டை ஒன்று வைத்தான். குடைக்கம்பியால் துளை, ஒரே துளையில் இரண்டு ஊசி, எதிரும் புதிருமாக.

“ஒரு நூலு அந்துபோனாலும் மத்தது புடிச்சிக்கும். ஊர்ல எங்கப்பா கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைக்குத் தோல் சால் தைப்பாரு. தண்ணி ஒழுகாது.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே, வீரையா?”

“சொன்னா, ஒனக்கு எப்படிறா தெரியும்னு கேப்பாங்க. லயத்து வீடுங்கள்ல தெரிஞ்சா, நான் தொடக் கூடாதுன்னு தண்ணிப் பானைய நகத்தி வெப்பாங்க, டீச்சரம்மா. நீங்க தெச்சதாவே இருக்கட்டும்.”

அவன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. என் வரிசையைப் பார்த்துச் சிரித்தான். “பரவால்ல. பாஸ் பண்ணிடலாம்.”

மார்ச் 6, சனி

மரவள்ளி லாரியில் சிரம்பான். பை மடியில்.

முதலாளியம்மா முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார்.  முன்பக்கம் திருப்பினார். “படத்துல இந்தப் பட்ட இல்லையே, டீச்சர்?”

“இல்லை. நான் காய வைத்துக் கெடுத்தேன். ஒருவர் அதைச் சரிசெய்தார்.”

மகள் முகர்ந்தாள். “அம்மா, ஷீட்டு வாசம் லா!” விழுந்து விழுந்து சிரித்தாள். 

முதலாளியம்மா சிரிக்கவில்லை. மூடியைப் பட்டையோடு பிடித்து, துணி கிழிக்கிற வேகத்தில் இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அசையவில்லை. “வாசம் போயிரும். நாத்தனாக்காரி கேப்பா, அவளுக்கும் ஒண்ணு வேணும். யாரு இந்தத் தையல்?”

“கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

போத்தல் கைக்கு வந்தது. இரவுக் கஞ்சியோடு சாராவுக்கு முதல் மாத்திரை.

மார்ச் 7, ஞாயிறு

வெயில். காய்ச்சல் நாள். காலையில் இன்னொரு மாத்திரை. கசப்புக்கு என்னைத் திட்டினாள். திட்டுகிற அளவுக்குத் தெம்பு.

புகைக்கூண்டுக்குப் போய் வீரையாவுக்கு அவன் பங்கு மாத்திரை. அவன் வீட்டிலும் இரண்டு பேர் படுக்கை. சிரம்பானில் கேட்டதைச் சொன்னேன். “பேரச் சொன்னீங்களா?” “இல்லை. அது நீ சொல்ல வேண்டியது.” விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

மணி ஒன்றரை. சாரா கட்டிலில். போர்வைகளை எடுத்துத் தயாராக வைத்தாயிற்று.

இரண்டு அடிக்க ஐந்து நிமிடம். வாசலில் சத்தம். வீரையா. பின்கதவு அல்ல, முன்வாசல். படியில் உட்கார்ந்து குடைக்கம்பியைக் கல்லில் தீட்டுகிறான். எதிரே அஞ்சலை குடத்தோடு நின்றுவிட்டாள்.

“டீச்சரம்மா,” லயம் முழுக்கக் கேட்கிற குரல், “அடுத்ததுக்குத் தோலு இருக்கா?”

பெட்டியின் அடிப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். என் செம்பில் கொடுத்தேன்.

இரண்டேகால். உள்ளே வந்து தொட்டுப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. பல் அடிக்கவில்லை. “அக்கா, வெளியில யாரு?” என்கிறாள்.