அந்த மாத்திரையை அனுப்பாதே

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சின்னவன் படுத்திருக்கிறான், எங்கள் நலம் அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். பேத்திக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தேன். பொக்கைவாய்ச் சிரிப்பில் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறாள் என்றேன், அதற்கு உன் அம்மா, நல்லவேளை வாய் மட்டும்தான் உங்களை மாதிரி, பிடிவாதம் வரலை என்றாள். இப்போதெல்லாம் என்னிடம் அவள் பேசுவது இந்த மாதிரிதான். மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இதோ வருகிறேன் என்கிறார், வாளிதான் நிரம்புகிறது. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனை எடுத்தாலே உன் அம்மா தோளோடு தோளாக வந்து நிற்கிறாள், நீயும் பாதியில் அழுதுவிடுகிறாய், பாடம் முடியுமுன் மணி அடித்த கதையாகிவிடுகிறது. இதை நிதானமாக முழுதும் படி.

மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த வாரம் இங்கே வருகிறார், அவர் கையில் அந்த மாத்திரையை மறுபடியும் கொடுத்தனுப்புகிறாய் என்று உன் அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அனுப்பாதே அம்மா. தம்பி கிடந்து துடிக்கிறான், கையில் மருந்து இருந்தும் கொடுக்க மாட்டேன் என்கிற கல்நெஞ்சக்காரர் அப்பா என்று நீ அவளிடம் சொன்னதாகவும் தெரியும். சொல்லிக்கொள். மாப்பிள்ளை வேலை போய்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது அந்த மனச்சோர்வு மாத்திரைதான் அவரை மனிதராக்கியது, எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் போன முறை வந்தபோது, சின்னவன் கட்டிலோடு கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், கைகண்ட மருந்தும்மா என்று சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். வீட்டில் ஒருவர் செருப்பு இன்னொருவருக்குச் சேர்ந்துவிடும், மருந்து அப்படி இல்லை. அவனுக்கு இருப்பது வெறும் சோர்வு இல்லை, இருமுனைக் கோளாறு. இறங்கினால் பாதாளம், ஏறினால் ஆகாயம். இறங்கிக் கிடக்கும்போது மட்டும் பார்த்தால் மாப்பிள்ளையும் அவனும் ஒன்று போலத்தான் தெரிவார்கள்.

நீ வந்த சமயத்தில் அவன் லித்தியத்தை, மனதை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கும் அந்த மாத்திரையை, நிறுத்தியிருந்தான். யாருக்கும் சொல்லவில்லை. அதைச் சாப்பிட்டால் அவனுக்குக் கை நடுங்கும். கண்ணாடிக் கடையில் அவன் வேலையோ லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது, மயிரிழை தவறினால் லென்ஸ் வீண். முதலாளி ஒருநாள் எல்லார் எதிரிலும், தம்பி, நீ தேய்க்கிறியா நடனமாடுறியா என்று கேட்டுவிட்டார். அன்றோடு மாத்திரையைத் தொடவில்லை. கை நின்றது, மனம் கவிழ்ந்தது, அப்போதுதான் உன் மாத்திரை உள்ளே போயிற்று. ஏற்றிவிட ஆள் வந்தது, பிடித்து நிறுத்தும் ஆள் வீட்டைவிட்டுப் போயிருந்தது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. குளித்தான், சவரம் செய்தான், உன் அம்மாவை இடுப்பில் தூக்கிச் சுற்றினான். என் பிள்ளை எனக்குக் கிடைச்சிட்டான் என்று அவள் அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள், நீயும் திரையில் பார்த்துக் கை தட்டினாய். நான் வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஊமையாக உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பேசு பேசு என்று தூண்டிவிடுவோம், பேசத் தொடங்கும், நமக்குப் பெருமையாக இருக்கும், பிறகு அது கூரையைப் பிய்க்கும்போது பிரம்பால் அடித்தாலும் அடங்காது. அப்படித்தான் ஆயிற்று. தூக்கம் போனது. நான் மெதுவாக, டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாமா என்றேன். காலமெல்லாம் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்தினவர் நீங்க, நான் சந்தோஷமா இருக்கிறது உங்களுக்குப் பாடத்திட்டத்துல இல்லையோ என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தான். இது உனக்குத் தெரியாது. அடுத்ததும் தெரியாது, சொல்லக்கூடாது என்று உன் அம்மா தடுத்தாள், நான் சொல்லிவிடுகிறேன்.

கடையில் டாக்டர் எழுதிய சீட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஆள் நடந்து வர்றதைப் பார்த்தாலே எனக்குப் பவர் தெரியுது என்று தன் இஷ்டத்துக்கு லென்ஸ் எடுத்துத் தேய்த்திருக்கிறான். கை துளிகூட நடுங்கவில்லையாம், முதலாளியே மெச்சியிருக்கிறார். என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியை அம்மா, உன்னைக்கூட மடியில் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், நம் பையன் கடை என்று அங்கேதான் கண்ணாடி மாற்றினார். புதுக் கண்ணாடி, பழகப் பழகச் சரியாகும் என்று போட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். வீட்டு மாடிப்படியில் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் கால் வைத்தார், இடுப்பெலும்பு முறிந்தது. இனி நடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்று மாத்திரை விஷயம் முழுதும் சொன்னேன், மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். நோயாளிகிட்ட கோபப்பட்டு நான் என்ன சார் பண்ணப் போறேன், மாத்திரை கொடுத்தாங்களே, அவங்க நல்லாத்தானே இருக்காங்க, நல்லாத்தானே நடக்கறாங்க என்று கேட்டார். அவ்வளவுதான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்வி எனக்கில்லை, உனக்கு. அதனால் அனுப்பி வைக்கிறேன்.

அதன் பிறகுதான் சின்னவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அங்கிருந்து வந்ததும் பழையபடி இறங்கிவிட்டான். லித்தியம் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் குறைத்ததில் நடுக்கமும் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, இறக்கத்துக்கென்று வேறொரு மருந்தும் சேர்த்திருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் நானே உன் மாத்திரையைக் காட்டிக் கேட்டேன். மாத்திரை மேல குத்தமில்லை சார், சில பேருக்கு, மனநிலையைப் பிடிச்சு வைக்கிற மருந்தோட சேர்த்து, நாங்களே பக்கத்துல இருந்து பார்த்துக் கொடுக்கிறதும் உண்டு, தனியா மட்டும் கொடுக்க மாட்டோம், ஒருதடவை இப்படித் தூக்கி அடிச்ச ஆளுக்கு இப்போ இந்த வகை மாத்திரை எதுவுமே வேண்டாம், பொறுத்துத்தான் ஆகணும் என்றார். எவ்வளவு நாள் என்றேன். உங்க வகுப்புப் பிள்ளைங்க எல்லாரும் ஒரே நாள்லயா படிக்கக் கத்துக்கிட்டாங்க என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

அவனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அக்கா மாத்திரை சாப்பிட்ட அந்த மூன்று வாரம்தான் நான் உயிரோட இருந்தேன்பா, அதை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கீங்க என்கிறான். மருந்து எல்லாவற்றையும் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறான். உன் அம்மா என் காதுபட, அக்கா இருக்கா, அக்கா அனுப்புவா என்று அவனிடம் சொல்கிறாள். தலைமையாசிரியை அம்மாவைப் பற்றி அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை, தண்ணீரில் மூழ்குகிறவன் பிடிப்பது யாருடைய தலைமுடி என்று பார்ப்பதில்லை. அக்கா மட்டும்தான் என்னை மனுஷனா மதிச்சா என்பதுதான் அவன் இப்போது வாயைத் திறந்தால் வருகிற ஒரே நல்ல வார்த்தை.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கொஞ்சம் எழுந்து உட்காருவான், அப்போது கூப்பிடு. மருந்துக்கடையில் தீர்ந்துவிட்டது, நண்பர் மறந்துவிட்டார், அடுத்த தடவை பார்க்கலாம் என்று எதுவும் சொல்லாதே. அடுத்த தடவை என்று சொன்னால் அவன் அதற்காகக் காத்திருப்பான், இங்கே கொடுக்கிற மருந்தைத் துப்புவான். இருக்கிறது, உனக்குத் தர மாட்டேன், எப்போதும் தர மாட்டேன் என்று உன் வாயால் சொல். நான் சொல்லிப் பயனில்லை, என்னை வெறுத்து முடித்துவிட்டான். நீதான் மிச்சம். கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்பாய், மாப்பிள்ளையை இழுப்பான், குழந்தையை இழுப்பான், கேட்டுக்கொள். அழாதே, அழுதால் இன்னும் கொஞ்சம் கெஞ்சினால் கிடைக்கும் என்று நினைப்பான். பேசி முடித்ததும் உன் அம்மாவிடம் ஆறுதலுக்குப் போகாதே, கொடுக்க மாட்டாள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளை தன் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஞாயிறு மதியம் நான் அவன் பக்கத்தில்தான் இருப்பேன், போனை நான் எடுக்க மாட்டேன், அவனே எடுக்கட்டும், அக்கா என்று ஆசையாகத்தான் எடுப்பான்.

என்றும் அன்புடன்,
உன் அப்பா