பதினோராம் எண் ஜெர்சி

அடி ஏணி,

உன் மகளுக்கு ஓட்டுப் போடச் சொல்லி என் தங்கச்சியைத் தூது விட்டிருக்கிறாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நேரில் கேட்பாய், பாவம்.

இந்தக் கூடைப்பந்து சீசனின் சிறந்த சென்டர் ஆட்டக்காரி யார் என்பதில் தேர்வுக்குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. என் ஓட்டுதான் பாக்கி. போட்டியிலிருந்த இன்னொரு பெண் பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரி. ஆனால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு, உன் மகள் எகிறினால் பந்து அவளுடையதுதான். அவளுக்கே போட்டேன். பிள்ளை மேல் எனக்கென்ன கோபம்?

நம் கடைசி ஃபைனலில் முதல் பாதியிலேயே உனக்குக் கால் சுளுக்கியது. என் ஜெர்சி கிழிந்துபோனதால் உன் பதினொன்றைப் போட்டுக்கொண்டு ஆடினேன். ஸ்கோர் எழுதியவர் எண்ணைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. நான் எடுத்த பதினாறு ரீபவுண்டும் உன் பேரில் ஏறின. சிறந்த சென்டர் கோப்பையை வாங்கிக்கொண்டு நீ வாயே திறக்கவில்லை.

அம்மாவும் மகளும் ஒரே விருது வாங்குவதால், விழாவில் உன் பழைய ஆட்டத்தைத் திரையில் போடப்போகிறார்கள். வீடியோ என்னிடம்தான் இருந்தது. இரண்டாம் பாதியைக் கொடுத்திருக்கிறேன். முதுகில் உன் எண், முகம் என்னுடையது.

வராமல் இருந்துவிடாதே, மகள் காரணம் கேட்பாள். முன் வரிசையில் அவள் பக்கத்திலேயே உட்காருடி.

இப்படிக்கு,
அந்தப் பதினொன்றைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தவள்