சேகரை எங்களுக்கு விட்டுடு

ஜூலை 6, ஞாயிறு

வெரிபீ போயிருந்தோம். ஜூலை என்றால் இந்த ஊரில் நல்ல குளிர், தூறல். மாமனார் வாங்கிப் போட்டிருந்த காலி மனையில் இன்று விற்பனைப் பலகை நட்டார்கள். அவர் போய் மூன்று மாதம்தான். அவர் வைத்துவிட்டுப் போன பேங்க் கடனுக்கு மனை மட்டும் போதாதாம். கிரெய்கிபர்னில் இருக்கும் எங்கள் ரெஸ்டாரண்டையும் விற்க வேண்டும். அதை வாங்கப்போவது வேறு யாருமில்லை, கொழுந்தன் பெண்டாட்டி விஜி. அவள் அப்பா பணம் தருகிறார். எனக்கு அப்படி ஒரு அப்பா வாய்க்கவில்லை.

கல்லாவில் கால் கடுக்க நின்றவள் நான். வந்து வந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனவள் அவள்.

வாங்க வேண்டியது: பால், இருமல் மருந்து, இவருக்கு சாக்ஸ்.

ஜூலை 9, புதன்

புரோக்கர் வந்தார். கிச்சன், குளிர்பதன அறை, வேன், செஃப் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். செஃப் என்றால் சேகர். திண்டுக்கல்லிலிருந்து மாமனார் விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணி வரவழைத்த ஆள். கடை கைமாறினால் அவனுக்குப் புது ஸ்பான்சர் வேண்டும். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கேட்டரிங் தொடங்கலாம் என்று நான் இருந்ததே அவனை நம்பித்தான். அவன் பிரியாணி இனி அவள் கடையிலா?

ஜூலை 12, சனி

எல்லாரும் கடையில் உட்கார்ந்து பேச்சு. இவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கேட்டேன்.

"வேனை நீயே வச்சுக்க விஜி. சேகரை எங்களுக்கு விட்டுடு."

என்னையே பார்த்தாள். "சேகர்ட்ட கேட்டீங்களா அக்கா, அவர் வருவாரான்னு?"

நல்ல பேர் வாங்குவதில் கெட்டிக்காரி. சேகர் அப்போது பக்கத்தில் நின்று டீ கொடுத்துக்கொண்டிருந்தான்.

சாக்ஸ் சைஸ் தப்பு. மாற்ற வேண்டும்.

ஜூலை 26, சனி

கொஞ்சம் வெயில். மனை போய்விட்டது, நினைத்ததைவிடக் குறைந்த விலைக்கு.

மாலையில் சேகர் வந்தான், சொல்லிக்கொண்டு போக. சிட்னியில் ஒரு ரெஸ்டாரண்ட் அவனை எடுத்துக்கொள்கிறதாம். விசாரித்துச் சேர்த்துவிட்டது விஜி.

"எங்க இருக்கணும்னு விஜி அக்கா கேட்டாங்க மேடம். ரெண்டு வீட்டுலயும் வேணாம்னு சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாங்க."

ஆக, அவளுக்கும் இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டும். தீபாவளிக்கு அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தது யார்? ஜுரத்தில் கிடந்தபோது கஞ்சி அனுப்பியது யார்? நான் மேடம். அவள் அக்காவா?